கவுண்டரில் சொன்ன வார்த்தை

அத்தியாயம் 11

தினுஷா டீச்சருக்கு எந்த வங்கியும் வீட்டுக் கடன் தராது என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. காரணமும் தெரியும். அவள் ஒருநாளும் ஓட்டாத ஒரு த்ரீவீல் ஆட்டோ அவள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஜெயக்காந்தனுக்கு சீகிரியாவில் டூரிஸ்ட்காரர்களை ஏற்றி இறக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. அவன் பெயரோ மோட்டார் சைக்கிள் கடன் ஒன்றில் ஏற்கெனவே கிரிப்பில் விழுந்திருந்தது. யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று நாட்டிலுள்ள வங்கிகளுக்கெல்லாம் சொல்கிற இடம்தான் கிரிப். அங்கே பெயர் கெட்டால் திருவிழாவில் மைக் போட்டுச் சொன்ன மாதிரி. தங்கச்சிக்கு அப்போதுதான் ஆசிரியர் நியமனம் கிடைத்திருந்தது. "நம்ம வண்டிதானே, யார் பேர்ல இருந்தா என்ன" என்றாள் அம்மா ராசம்மா. தினுஷா லீசிங் என்கிற வண்டிக் கடன் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு சீகிரியாவுக்கு வருகிறவர்கள் குறைந்து, ஜெயக்காந்தன் குவைத்துக்குப் போனான். கொஞ்ச நாள் பணம் அனுப்பினான். இப்போது போன் எடுப்பதுகூட இல்லை. அவன் மனைவி நிஷாந்தி இரண்டு பிள்ளைகளோடு பலாபத்வலைக்கு வந்து, ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அதே வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் பிழைக்கிறாள். லீசிங் கட்டுவதும் அவள்தான். அப்படித்தான் தினுஷா நம்பியிருந்தாள்.

பணம் கொடுத்தால் கிரிப்பில் பெயரை அழித்துத் தருகிறேன் என்று வந்த தரகனை டீச்சர் வாசலோடு அனுப்பிவிட்டாள். முறைப்படி விண்ணப்பித்துத் தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்த்தாள். லீசிங் மாதக்கணக்காகக் கட்டப்படவில்லை என்று அதில் இருந்தது. "ஒரு மாசம்கூட விடல தினுஷா" என்று நிஷாந்தி போனில் சத்தியம் செய்தாள். அப்படியானால் பதிவுதான் பிழை. பிழையான பதிவைச் சட்டப்படி திருத்தலாம்.

திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு நிச்சயம் செய்திருக்கிற தர்சன் அழகாகச் சொல்லிவிட்டான். வலயக் கல்விக் காரியாலயத்தில் கிளார்க்காக இருக்கிறவன் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பான். "காணியை என் பேருக்கு மாத்தி எழுதிரு. லோனை நான் தனியா எடுத்துக்கிறேன். கல்யாணத்துக்குப் பொறகு உன்னது என்னதுன்னு என்ன இருக்கு" என்றான். அந்தப் பத்துப் பேர்ச் காணி, தினுஷா புதுச் சேலை எடுக்காமல், ட்ரிப் போகாமல், தன் சம்பளத்தில் வாங்கியது. அவளுக்கென்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நிஷாந்தி வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். தினுஷா லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரும் மாத்தளையிலுள்ள பைனான்ஸ் கம்பெனிக்குப் புறப்பட்டார்கள்.

"ரிசீட் ஏதும் இருக்கா அண்ணி?"

"கையில இல்ல. கட்டுனா அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்தானே."

"இருக்கணும்."

"இருக்கும். நீ யோசிக்காத. இன்னைக்கே சரி பண்ணிருவோம்."

நிஷாந்தி லாரிகளுக்கு நடுவே வண்டியை நிதானமாக ஓட்டினாள். முதல் வருடம் ஸ்டாண்டில் ஆம்பிளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களே டயர் பஞ்சரானால் வந்து உதவுகிறார்கள். தினுஷாவுக்கு அண்ணிமேல் பாசம் பொங்கியது. பாசம் பொங்குகிற நேரம் மனிதருக்கு யோசனை வேலை செய்வதில்லை. ரிசீட் ஏன் இல்லை என்று அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.

பைனான்ஸ் கம்பெனியில் கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் சிலர் சுவரோரமாக நின்றார்கள். கவுண்டரில் நுஹ்மான் என்ற அதிகாரி இருந்தார். தன்மையான ஆள். தினுஷா கொண்டுவந்த கடிதத்தை முழுதாக வாசித்தார்.

"டீச்சர், நாங்க மாசா மாசம் அனுப்புறதுதான் கிரிப்ல பதியுது. நாங்க அனுப்புனது பிழையா இருந்தா, நாங்கதான் திருத்தி அனுப்பணும். அது எங்கட கடமை. திருத்தாட்டி நீங்க எங்களுக்கு மேல முறைப்பாடு செய்யவும் ஏலும்."

"அதுக்குத்தான் வந்திருக்கோம் சேர்."

"ஆனா அது சரியா இருந்தா ஒருத்தராலயும் அழிக்க ஏலாது. நிலுவையைக் கட்டினா கட்டினதுன்னு பதியும். பிந்தின மாசமெல்லாம் பிந்தினதுன்னே கொஞ்சக் காலத்துக்குக் கெடக்கும். அதுக்குப் பொறகு ஒழுங்கா கட்டிக் கட்டித்தான் பேரை மீட்கணும். வேற குறுக்கு வழி இல்ல."

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். பிறகு திரையைத் தினுஷா பக்கம் திருப்பினார்.

"போன வருஷம் சித்திரைக்குப் பொறகு ஒரு சதம் வரல்ல டீச்சர்."

"வேற பிராஞ்ச்ல கட்டியிருந்தா?"

"எங்க கட்டினாலும் இதுல விழும். உங்களுக்கு எத்தனையோ கடிதம் போட்டிருக்கே."

கடிதம் எதுவும் தினுஷாவின் கைக்கு வந்ததில்லை. அவள் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பவள். அதையும் அவள் அப்போது யோசிக்கவில்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தாள். நிஷாந்தியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. களவு பிடிபட்ட முகம் இப்படித்தான் இருக்கும் என்று தினுஷா நினைத்தாள்.

"அண்ணி, கட்டுனேன்னு சொன்னீங்க."

"மாசா மாசம் சல்லி குடுத்தேன் தினுஷா. என் புள்ளைங்க மேல சத்தியமா."

"யார்கிட்ட குடுத்தீங்க?"

நிஷாந்தி வாயைத் திறந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"எதுக்கு வீட்டுக்கு? இங்கயே சொல்லுங்க. சேரும் கேக்கட்டும்."

"வேணாம் தினுஷா. வா போவோம்."

வகுப்பில் சத்தம் போடாத டீச்சர் என்று பெயர் எடுத்தவள் தினுஷா. அந்தப் பெயரும் அன்றைக்குப் போனது.

"அண்ணன் விட்டுட்டுப் போயிட்டாரேன்னு பாவப்பட்டு வண்டியை உங்க கையில விட்டேன். என் பேர்ல ஓட்டி, சம்பாதிச்சு, என் தலையிலயே கை வச்சிட்டீங்க. எடுக்கிறதுதான் எடுத்தீங்க, ஒரு வெளியாள்கிட்ட எடுத்திருக்கக் கூடாதா? உங்களால என் காணி போகப்போகுது. தெரியுமா உங்களுக்கு?"

நுஹ்மான் எழுந்து, "டீச்சர், கொஞ்சம் இருங்க" என்றார். தினுஷா உட்காரவில்லை. நிஷாந்தி வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"வண்டியைத் தூக்கச் சொல்லி ஓடர் வந்திருக்கு" என்றார் நுஹ்மான், தணிந்த குரலில். "நாளைக்குப் பகல் வரைக்கும் அந்த ஓடரை நான் நிறுத்தி வைக்கிறேன். அதுக்குள்ள நிலுவையைக் கட்டினா வண்டியும் தப்பும், கிரிப்லயும் மேற்கொண்டு கெடாம நிற்கும். அதுக்கு மேல என் கையில இல்ல."

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். களவு எடுத்தவள் என்று சொன்னவளும், சொல்லப்பட்டவளும் ஒரே வண்டியில். டீச்சருக்கு இறங்கி பஸ்ஸில் போகத் தோன்றியது. ஆனால் இறங்கினால் அது இன்னும் கேவலமாக இருக்குமென்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள்.

வீட்டு வாசலில் நிஷாந்தி எஞ்சினை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"உள்ள போய் அத்தைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. மாசா மாசம் அண்ணி குடுத்த சல்லியை எங்க கட்டுனீங்கன்னு கேளு."

"அம்மாகிட்டயா குடுத்தீங்க?"

"வேற யார்கிட்ட குடுக்க? உன்கிட்ட குடுக்க வந்தேன். அத்தை வேணாம்னுட்டாங்க. நாத்தனாரும் அண்ணியும் சல்லி வாங்கிக் குடுத்தா ஒறவு கெட்டுப் போகும்னாங்க. வெள்ளிக்கிழமை மாத்தளை மாரியம்மன் கோயிலுக்குப் போறப்ப நானே கட்டிர்றேன்னாங்க. அத்தைகிட்ட போய் ரிசீட் கேக்கச் சொல்றியா?"

பணத்தை நேராகக் கை மாற்றினால் உறவு கெடும் என்று அம்மா சொல்வதை தினுஷாவும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டில் எந்தப் பணமும் அம்மா கை வழியாகத்தான் போகும். அது ஒரு மரியாதை. மரியாதைக்குக் கணக்குக் கேட்பது யாருக்கும் பழக்கமில்லை.

"அங்க ஏன் சொல்லல அண்ணி?"

"அத்தன பேர் முன்னுக்கு அத்தை பேரைச் சொல்லவா? நான் அப்படி வளரல."

ராசம்மா முற்றத்தில் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்ற நிற்பைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதறவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

"அம்மா, அண்ணி குடுத்த சல்லி எங்க?"

"இங்கதான் இருக்கு. வா."

அலுமாரியைத் திறந்து ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நெக்லஸ், வளையல், தோடு. எல்லாம் புதுசு. ராசம்மாவின் முகத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"சீட்டுப் போட்டு எடுத்தேன். ஒனக்குத்தான். கல்யாணத்துக்கு மொத நாள் காட்டலாம்னு இருந்தேன்."

"லீசிங் சல்லியிலயா சீட்டுக் கட்டுனீங்க?"

"வேற எங்க போக நான்? ஒங்கப்பா வச்சிட்டா போனாரு? பைனான்ஸ்காரன் எங்க ஓடிறப் போறான், இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கட்டிக்கலாம். மாப்புள வீட்டுக்காரங்க நிப்பாங்களா? கழுத்துல ஒன்னும் இல்லாம அனுப்புனா, போன எடத்துல ஒன்னைய மதிப்பாங்களா?"

"வந்த கடிதம் எல்லாம்?"

"அடுப்புல போட்டேன். ஒனக்கு எதுக்கு வீண் கவலைன்னு."

தினுஷா கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தன்னை ஏமாற்றியவர் மேல் ஆத்திரப்படலாம். தனக்காகவே தன்னை ஏமாற்றிய ஆளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் பேரு கெட்டுப் போச்சும்மா. நாட்டுல எந்த பேங்க்லயும் எனக்கு மதிப்பில்ல இப்ப."

"ஒன் பேருக்கு என்னடி? கல்யாணம் முடிஞ்சா புருஷன் பேரு வந்துரும்."

அதைக் கேட்டதும் தினுஷா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ராசம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாள். மகளின் பெயர் என்பது கல்யாணம் வரைக்கும் உபயோகிக்கிற ஒரு சாமான். அதுவரைக்கும் யார் எடுத்துப் பாவித்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

போன் அடித்தது. தர்சன். தினுஷா வெளியே வந்து எடுத்தாள். நிஷாந்தி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நடந்த பேச்சு முழுக்க அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னைக்கு பைனான்ஸ்ல எங்க சித்தியும் இருந்தாங்களாம்" என்றான் தர்சன். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "எல்லாம் உங்க அண்ணி பண்ணுன வேலைன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு இப்பதான் நிம்மதி."

"என்ன நிம்மதி?"

"உங்க குடும்பத்துல ஏதோ பிழை இருக்குமோன்னு பயந்துட்டு இருந்தாங்க. அவ வெளியிலருந்து வந்தவதானே. உங்கம்மா, நீ, எல்லாரும் சுத்தம்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் காலையில அம்மா அங்க வர்றாங்க. நகையெல்லாம் பார்த்துட்டு, கல்யாண ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நாள் குறிக்கலாம்னு. காணி விஷயத்தையும் அப்பயே பேசிருவோம், என்ன?"

"ம்."

"என்ன, சந்தோஷமா இல்லையா?"

"பொறகு பேசுறேன்."

தினுஷா போனை இறக்கினாள். எடுத்தது அண்ணி இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அவள் சொல்லவில்லை. கல்யாணம் நிற்கும் என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பயந்ததை நினைத்து அவளுக்கே அவமானமாக இருந்தது.

"யாரு, தர்சனா?" என்று நிஷாந்தி கேட்டாள்.

"ஆமா."

"என்னவாம்?"

தினுஷா ஒளிக்காமல் சொன்னாள். வெளியிலிருந்து வந்தவள் என்ற வார்த்தையையும் விடவில்லை. நிஷாந்தி அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அண்ணி, என்னைய மன்னிச்சிருங்க. நான் பேசுனது பிழை. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"இங்க யாரு இருக்கா, நீ கால்ல விழுறதைப் பார்க்க?" என்றாள் நிஷாந்தி. குரல் உயரவில்லை. "அங்க பெஞ்சு நெறைய ஆள் இருந்தாங்க. அதுல ரெண்டு பேரோட புள்ளைங்க என் வண்டியிலதான் பள்ளிக்கூடம் போகுது. கள்ளிகிட்ட யாரு புள்ளைய விடுவாங்க? நாளைக்கு அந்தச் சீட்டு ரெண்டும் காலி. அடுத்த கிழமை மத்ததும் காலி."

"நான் அவங்ககிட்ட பேசுறேன்."

"வீடு வீடா போய்ப் பேச வேணாம். நாளைக்குக் காலையில புள்ளைங்கள எறக்கிட்டு வர்றேன். அதே ஆபீசுக்கு வா. அதே கவுண்டர்ல நின்னு, நான் எடுக்கலன்னு அதே சத்தத்துல சொல்லு. நிலுவையக் கட்டு. வண்டி எனக்கு வேணும் தினுஷா. என் புள்ளைங்க சோறு அது. ஆனா அதைவிட எனக்கு இது வேணும்."

"அப்ப யார் எடுத்ததுன்னு கேப்பாங்களே அண்ணி."

"கேப்பாங்க."

நிஷாந்தி ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கியிருந்தது. யாத்திரை முடிந்துபோன பஸ் மாதிரி வெறும் சீட்டுகளோடு வண்டி பெரிய ரோட்டில் ஏறி மறைந்தது.

தினுஷா உள்ளே வந்தாள். ராசம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

"போகட்டும் விடு. ரோஷம் ரெண்டு நாளைக்கு இருக்கும். பொறகு தானா வருவா."

"அந்த நகையைத் தாங்கம்மா. நாளைக்கு வித்து நிலுவையைக் கட்டப் போறேன்."

"பைத்தியமா ஒனக்கு? சம்பந்தி நாளைக்கு வர்றாங்கன்னு நீ அண்ணிகிட்ட சொன்னதை இப்பதானே கேட்டேன். எதைக் காட்டுவ? அண்ணிக்காரிதான் எடுத்தான்னு அவங்களே நம்பிட்டாங்க. சும்மா இருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்."

"அண்ணி பேரு?"

"அவளுக்கு என்ன கல்யாணமா நடக்கப் போகுது?"

இதைச் சொன்ன அதே வாய்தான் நிஷாந்தியின் பிள்ளைகளை ராசா, ராசாத்தி என்று கொஞ்சுகிறது. தினுஷாவுக்கு அம்மாவை முதல் தடவையாகப் பார்ப்பது போலிருந்தது.

"நாளைக்கு நீங்களும் மாத்தளைக்கு வரணும்மா."

"நான் எதுக்கு?"

"நீங்கதான் எடுத்தீங்கன்னு அங்க சொல்லணும்."

"பெத்தவள கள்ளின்னு ஊருக்கு முன்னுக்கு நிறுத்தப் போறியா?" ராசம்மாவின் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பொய்த் தண்ணீர் இல்லை. "எல்லாம் ஒனக்காகத்தானே புள்ள செஞ்சேன்."

"அதையும் அங்க வந்து சொல்லுங்க. எனக்காகத்தான் செஞ்சேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியை அலுமாரிக்குள் வைத்தாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

தினுஷா அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. போனை எடுத்தாள். தர்சன் உடனே எடுத்துவிட்டான்.

"தர்சன், உங்கம்மாவை நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்க."

"ஏன்? என்ன நடந்துச்சு?"

"காணியை நான் எழுதித் தர மாட்டேன். நாளைக்கு நான் பைனான்ஸுக்குப் போகணும். இன்னைக்கு அங்க நான் சொன்னது பொய். சல்லியை எடுத்தது அண்ணி இல்ல."



"அப்ப யாரு?" என்று தர்சன் கேட்டான்.

அலுமாரியோடு ஒட்டி நின்ற ராசம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.